பதினெட்டுச் செக்கன்

கொத்துக்கூலிக்கு வந்த தேவசகாயம்
கட்டாருக்குப் போய்விட்டான்.
போறணை போகவில்லை.
அது அச்சுவேலியிலேயே இருந்துகொண்டு
விடிய மூன்று மணிக்கு விறகு கேட்கிறது.

மரக்காலைக்காரன் தொடாத மரம்தான் எனக்கு வரும்.
வாளின் பல்லை எத்தினை தரம் தீட்டுறது,
உங்கட பக்கத்து வேம்புக்குள்ள என்ன கிடக்கெண்டு
ஆருக்குத் தெரியும் என்பான்.
விலை மலிவு.
அதிலும் குறைத்துத்தான் எடுப்பேன்.

கிருபைராசா தாளில் கீறவில்லை.
கராச் நிலத்தில், கிறீஸ் விரலால்
ஒரு நீளக்கோடு: இது தண்டவாளம்.
ஒரு முக்கோணம்: இது ஆப்பு.
நடுவில் ஒரு வட்டம்: இது உங்கட காசு.

தண்டவாளம் புனிதமலர் வீட்டுக் கோடியில் கிடந்தது.
ஆறடி. பங்கருக்கு மேல் மண்மூட்டை சுமந்தது,
அதற்கு முன் ரயில் சுமந்தது.
"ரயில்வே கேட்டால்?"
"முப்பது வருசமாக் கேக்கேல்லை."
மெசின் ஓடினால் ஒரு மாதப் பாண்,
ஓடாவிட்டால் தண்டவாளம் திரும்பக் கோடிக்கு
என்று பேசி முடித்தோம்.

தள்ளுதண்டு,
கிளிநொச்சியில் கவிண்டு கிடந்த பெக்கோவின்
முழங்கையிலிருந்து கழற்றியது.
பம்ப் வவுனியாவில் பழைய இரும்போடு நிறுத்து வாங்கியது.
என்ஜின் லான்ட்மாஸ்டர்.
வயலை விற்றவர் என்ஜினை விற்க மனமில்லாமல்
கோழிக்கூட்டுக்குள் வைத்திருந்தார்.
சைலன்சருக்குப் பக்கத்தில் மூன்று முட்டை.
அதையும் தந்துவிட்டார்.
எண்ணெய்த் தாங்கிக்கு,
காஸ் வராத வருசத்தில் வெறுமையாகிப் போன சிலிண்டர்.
தண்ணீர் நிரப்பி வெட்டினான்.
என்னைத் தள்ளி நிற்கச் சொன்னான்,
தான் நிற்கவில்லை.

ஒயில்சீல் மட்டும் அகப்படவில்லை.
சுன்னாகம், ஸ்ரான்லி வீதி, பிறகும் சுன்னாகம்.
"அந்தச் சைஸ் இப்ப வாறேல்லை அக்கா."
வந்ததைப் போட்டோம். இன்றைக்கும்
மணித்தியாலத்துக்கு ஒரு தேக்கரண்டி கசிகிறது.
கீழே ஜாம் போத்தல் வைத்திருக்கிறேன்.

கடைசி நாள், பெரிய பெருமையோடு
இரண்டு கைபிடி பொருத்தினான்.
ரெண்டு கையாலயும் பிடிச்சால்தான் தண்டு நகரும்,
விரல் ஆப்புக்குப் போகாது அக்கா,
கொழும்பில ஒரு அச்சகத்தில பார்த்தனான்.
சொல்லி முடித்துவிட்டு
என் இடது சட்டைக்கையைப் பார்த்தான்.
ஊசி குத்தி மடித்த சட்டைக்கை.
மூன்று மாதம் என்னோடு தேத்தண்ணி குடித்தவன்
மறந்தே போயிருக்கிறான்.

முதலில் சிரித்தது நான்தான்.
அவனுக்கு முகம் செத்துவிட்டது.
ஒரு ஆளாவது மறந்திருக்கே என்று
மா குழைக்கும்போதும் சிரிப்பு வந்தது.

மறுநாள் ஒரு கைபிடியைக் கழற்றி
பழைய ஒஸ்ரின் காரின் கிளச் மிதியை ஒட்டினான்.
ஒரு கை, ஒரு கால்.
எதை எடுத்தாலும் நிற்கும்.

முதல் குத்தி புளி.
கோடாலியைக் கடித்துத் துப்புகிற மரம்.
தண்டு அடிக்கவில்லை. தள்ளியது.
பதினெட்டுச் செக்கன் எண்ணினேன்.
முதலில் மரம் ஒன்றும் நடவாததுபோல் கிடந்தது.
பத்தில், உள்ளே எங்கோ ஒரு நார் விட்டது.
பதினைந்தில் ஈரவாசம்.
பிறகு சண்டை பிடித்துக் களைத்த இரண்டு பேர்போல்
ஆளுக்கொரு பக்கம் சரிந்தன.

ஒன்பதாவது வேம்பு.
ஆப்பு பாதியில் கிரீச்சிட்டுக் கொஞ்சம் விலகிப் போனது.
பிளந்த முகத்தில் கைவிரல் அளவு இரும்பு.
சுற்றிக் கறுத்து,
வளையம் வளையமாக மரம் அதை மூடி வளர்ந்திருந்தது.
கிருபைராசா குறட்டால் இழுத்தெடுத்தான்.
என்னைப் பார்க்காமல்
எங்கே போடுறது என்று கேட்டான்.
பழைய இரும்போட போடு, என்றேன்.
நிறுத்து வாங்கினனாங்கள்,
நிறுத்தே விப்பம்.

அவன் ஜாம் போத்தலை மாற்றி வைத்தான்.
நான் அடுத்த குத்தியைக் காலால் உருட்டினேன்.
நாளையிலிருந்து புனிதமலர் வீட்டுக்குப் பாண்.